முற்றத்தில் நின்றவன்

சேவல் கூவியதும் பக்கத்து வீட்டுச் சேவல் என்றுதான் நினைத்தேன், மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன சேவல் என்றும் நினைத்தேன், அப்புறம் ஒருவன் தேம்பித் தேம்பி அழுவது கேட்டபோதுதான் அது தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிற போனுக்குள் கூவிய சேவல், அழுகிறவன் இயேசுவின் சீஷன் பேதுரு என்று விளங்கியது. இன்றைக்கு ஆறாம் நாள். ஆறு நாளாகக் குப்புறக் கிடக்கிறேன். வலது கண்ணின் விழித்திரை கிழிந்து பிரிந்துவிட்டது, ஆபரேஷன் செய்த டாக்டர் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை ஏற்றி அனுப்பியிருக்கிறார், குமிழி எப்போதும் மேலே போகத்தான் பார்க்கும், அது மேலே போய்த் திரையை அழுத்திப் பிடிக்கவேண்டும் என்றால் என் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்கவேண்டும், பத்து நாள். சாப்பிடவும் கழிப்பறைக்கும் மட்டும் எழுந்திருக்கலாம், அப்போதும் குனிந்த தலை நிமிரக்கூடாது. நடுவில் குழிந்த ஒரு தலையணை, நெற்றிக்குக் கீழே சுருட்டிய துண்டு, மூக்குக்குக் கொஞ்சம் காற்று. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, ஒட்டியிருக்குன்னுதான் தோணுது, இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோங்கம்மா, என்றார் டாக்டர். தோணுது என்றால் என்ன அர்த்தம். ஒட்டியிருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை. ஆட்டோவில் மடியைப் பார்த்தபடி பாளையங்கோட்டை முழுக்க வந்தேன், ஊரில் எதையும் பார்க்கவில்லை, என் சேலையின் பூக்களை மட்டும் பார்த்தேன், அவற்றையும் ஒற்றைக் கண்ணால்.

வாசிக்க முடியாதவளுக்குக் கேட்கவாவது எதையாவது போடுவோம் என்று பெனிட்டாதான் போனில் இந்த வேதாகம ரெக்கார்டை ஏற்பாடு செய்தாள். பெனிட்டா என் மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர், எனக்காக லீவு போட்டு வீட்டில் இருக்கிறாள். வேதாகமம் என்றதும் யாரோ ஒருவர் நிதானமாக வாசித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன், பார்த்தால் ஆளுக்கு ஒரு குரல், ஆதாமுக்கு ஒருத்தர், ஏவாளுக்கு ஒருத்தி, பாம்புக்கு மூக்கால் பேசுகிற ஒருத்தன், பின்னால் வயலின். ஏட்டி, வேதத்த நாடகமாப் போட்டிருக்கான், நிறுத்து அத, என்றேன் முதல் நாள். பத்து நாளு குப்புறக் கெடக்கணும், ஃபேன் சத்தத்தையா கேட்டுக்கிட்டு இருக்கப் போறீங்க, சும்மா கேளுங்கம்மா, என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கேட்டேன். யோர்தான் நதி வாளிக்குள் குழாய் திறந்துவிட்டதுபோலத்தான் இருந்தது. கோலியாத்தின் குரலைக் கிணற்றுக்குள் விட்டு எடுத்திருந்தார்கள். ஆபிரகாமாகப் பேசிய பெரியவரே பார்வோனாகவும் வந்தார், நேபுகாத்நேச்சாராகவும் வந்தார், ஒரே தொண்டைதான், ராஜா ஆகும்போது மட்டும் கொஞ்சம் கனைத்துக்கொள்கிறார். எனக்கு அது தெரியாமல் போகுமா. இருபத்தொரு வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்தவள் நான், காதில் மாட்டினால் எட்டு மணி நேரம், வெளியூருக்கு டிரங்க் கால் கேட்கிறவர்கள் பெயர் சொல்லும் முன்பே இன்னார் என்று எனக்குத் தெரியும், ஒரு ஹலோவில் ஆளைச் சொல்லிவிடுவேன், சளி பிடித்திருந்தாலும் சொல்லிவிடுவேன், சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து பேசுகிறார்கள் என்பதைக்கூட மூச்சிலேயே சொல்லிவிடுவேன். கண் போனாலும் இந்தக் காது இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தக் காதுதான் வம்பில் மாட்டிவிட்டிருக்கிறது.

பெனிட்டா, பின்னால தள்ளு, சேவலுக்கு முன்னால, என்று கூப்பிட்டேன். மறுபடியுமாம்மா, மூணு தடவ ஆச்சு, என்றாள், ஆனாலும் வந்து தள்ளிவிட்டாள். பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றம். நெருப்பு எரிகிறது, அப்பளம் பொரிப்பதுபோலச் சடசடக்கிறது. உள்ளே இயேசுவை விசாரிக்கிறார்கள், வெளியே பேதுரு நெருப்புக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவன்போல நிற்கிறான். வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்கிறாள், நீயும் அவரோடு இருந்தவன்தானே. இல்லை என்கிறான். இன்னொருத்தி கேட்கிறாள். இல்லை. பிறகு அங்கே நின்றவர்களில் ஒருவன். அவன் பேசுவதற்கு முன் மூக்கில் ஒரு சின்ன இழுப்பு இருக்கிறது, யாருக்கும் கேட்காது, கேட்டாலும் நெருப்புச் சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள், அந்த இழுப்புக்குப் பிறகு அவன் சொல்கிறான், நீ நிச்சயமாக அவர்களில் ஒருவன்தான், உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று. இவ்வளவுதான் அவன் பங்கு. பேதுரு சத்தியம் பண்ணுகிறான், அந்த மனுஷனை எனக்குத் தெரியவே தெரியாது என்று, சேவல் கூவுமுன்னே மூன்று தடவை என்னைத் தெரியாது என்பாய் என்று இயேசு சொன்னது அவன் ஞாபகத்திலேயே இல்லை. சேவல். அழுகை. அந்த இழுப்பை எனக்குத் தெரியும். ஐந்து வயதில் மூக்கடைப்புக்கு வைத்தியம் பார்த்தும் போகாத இழுப்பு, கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரும், பொய் சொல்லும்போது இரண்டு தடவை வரும். ரூபன். என் தம்பி ரூபன். ஒன்பது வருஷமாக என்னோடு பேசாதவன், என் தலைமாட்டில், போனுக்குள், ஒரு முற்றத்தில் நின்று பேசுகிறான்.

நாடகம் நாடகம் என்று மெட்ராஸுக்கு ஓடினவன். டப்பிங் பேசுகிறேன் என்பான், என்னல பேசுன என்று கேட்டால், கூட்டத்துல ஒருத்தனாப் பேசினேங்க்கா, ஐயோ தீ தீன்னு கத்துனது நான்தான், என்று சிரிப்பான். இதிலும் அப்படித்தான் பேசியிருக்கிறான். இப்போது யோசித்தால் முந்தாநாள் யோனா போன கப்பலில், புயலில், இந்த ஆளைக் கடலில் போடலாமா என்று பயந்து பயந்து கேட்ட மாலுமி அவன்தான், அன்றைக்கே காதில் எங்கோ இடித்தது, குப்புறப் படுத்திருப்பதால் வருகிற இடிப்பு என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு குஷ்டரோகி. பிறகு குருத்தோலை பிடித்த கூட்டத்தில் ஒரு சந்தோஷக் குரல். ஆறு நாளாக அவன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்திருக்கிறான். எப்போது பேசிக்கொடுத்தது இது. பெனிட்டாவைக் கேட்டேன், ஏட்டி இது எப்ப எடுத்தது. அதெல்லாம் போடலம்மா, பழசா இருக்கும், என்றாள். பழசு. பழசு என்றால் எவ்வளவு பழசு. கொரோனா சமயத்தில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்னார்கள், உங்க தம்பிக்கு ரொம்ப முடியாம ஆஸ்பத்திரில போட்டிருந்தாவளாமே என்று, அப்படியா என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போனேன், அப்படியா, அவ்வளவுதான் கேட்டேன், பிறகு என்ன ஆயிற்று என்று யாரையும் கேட்கவில்லை. செத்திருந்தால் சொல்லியிருப்பார்கள். யார் சொல்லியிருப்பார்கள், அவன் சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவன். அவன் பெண்டாட்டி மேகலா சொல்லியிருக்கலாம். அவள் ஏன் சொல்லவேண்டும், நான் சொன்னேனா, நான் செய்ததையே எனக்குத் திருப்பிச் செய்துவிட்டு, பெட்டியை மூடி மண்ணும் போட்டுவிட்டு, பேசாமல் இருந்திருப்பாள். ரெக்கார்டில் இருக்கிற குரலுக்கு வயசாகாது. குரலில் மூச்சு இருக்கிறது என்பதற்காக ஆளுக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தமில்லை. குமிழி நகர்ந்துவிட்டதோ என்று திடீரென்று பயம் வந்தது, கட்டுக்குக் கீழே கண் குறுகுறுத்தது, தலையைத் தூக்கிவிட்டேனா, இல்லை, தூக்கவில்லை.

அம்மா ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள். ஏழு மாதமும் நான்தான். துடைத்தது, திருப்பிப்போட்டது, கஞ்சி ஊட்டியது, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, வாயை மூடிக்கொண்டாள். ரூபனக் கூப்பிடு, என்றாள். சரிம்மா என்றேன். ரூபனக் கூப்பிடுட்டி, அவன் மொகத்தப் பாக்கணும். சரின்னேனே. எத்தனை தடவை சொன்னாள், ஐந்து தடவை, ஆறு தடவை. அந்த ஏழு மாதத்தில் என் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஏட்டி என்பாள், இங்க வா என்பாள், தண்ணி என்பாள். எமீமாள் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். போன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அவன் நம்பர் எனக்கு மனப்பாடம், எனக்கு எல்லார் நம்பரும் மனப்பாடம். நீட்டவில்லை. சாயங்காலம் நர்சு வந்து பார்த்துவிட்டு, நாடி நல்லாத்தான் இருக்கு என்றாள், அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று, காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வைத்தேன். சனிக்கிழமை விடியும்போது அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அடக்கம் கிடையாது, திங்கள்வரை வைக்கவேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு பண்ணி, அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கே எடுத்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குச் செய்தி போய், கிடைத்த பஸ்ஸில் ஏறி, அவன் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்து வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். திறந்துவிடச் சொல்லி உள்ளே போய் மண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். வீட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டான், நேத்தே கூப்பிட்டிருக்கலாமேக்கா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடிச்சேம்ல, என்றேன். மூணு தடவ அடிச்சேன். கெடைக்கல. அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான், பார்த்தான், மறுபடி பாக்கெட்டில் வைத்தான். மறுநாள் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனவன்தான்.

கெடைக்கல. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் சொன்ன வார்த்தை. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள், மெட்ராஸ்ல டவர் கெடைக்காது என்று ஒருவர் எனக்குச் சாட்சிகூடச் சொன்னார். அதற்குப் பிறகு சர்ச்சில் அப்பமும் ரசமுமாக எத்தனை நற்கருணை எடுத்திருப்பேன், மாதம் ஒன்று என்றால் ஒன்பது வருஷத்துக்கு, வேண்டாம், எண்ணவேண்டாம். எடுக்கும்போதெல்லாம் வேறு பாவங்களை அறிக்கை பண்ணுவேன், சிடுசிடுப்பு, பொறாமை, ஓய்வுநாளில் டிவி பார்த்தது. இதைத் தொடமாட்டேன். இதைச் சுற்றி நடந்து போவேன், தெருவில் கிடக்கிற நாயைச் சுற்றிப் போவதுபோல. இப்போது முகம் குப்புறக் கிடக்கிறது, சுற்றிப் போக வழியில்லை, ஒருவன் மூக்கை இழுத்துக்கொண்டு, நீயும் அவர்களில் ஒருவன்தானே என்று கேட்கிறான். பேதுருவாவது வெளியே போய் அழுதான். நான் அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது, தும்மக்கூடாது, இருமக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அவன் இருக்கிறானா இல்லையா. அதை மட்டும் தெரிந்துகொள்ளவேண்டும். அவன் பேசக்கூட வேண்டாம், திட்டிவிட்டு வைத்தாலும் போதும், ஆண்டவரே, திட்டுவதற்கு அவனுக்கு மூச்சு இருக்கட்டும்.

பெனிட்டா, அத நிறுத்திட்டு ஒரு நம்பர் போடு, என்றேன். யாருக்கும்மா. நான் நம்பரைச் சொன்னேன், பத்து எண்ணும் ஒரு தடங்கலில்லாமல் வந்தன, ஒன்பது வருஷமாகச் சொல்லாத எண்கள். அவள் போட்டுக்கொண்டே, யாரு நம்பர்மா இது, என்றாள். ரூபன் மாமா நம்பரு. அவள் விரல் நின்றுபோனது எனக்குக் கேட்டது. எம்மா, என்றாள். போடுட்டி, என்றேன். ஸ்பீக்கரில் போட்டு என் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி அடிக்கிறது. இந்தச் சத்தத்தை என் வாழ்நாளில் எத்தனை லட்சம் தடவை கேட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் அடிக்கும் மணியில் எப்போதாவது பயந்திருக்கிறேனா, அது யாருக்கோ அடிக்கிற மணி. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். பெண் குரல். ஹலோ. மேகலாதான், கொஞ்சம் தடித்திருக்கிறது, மேகலாதான். ரூபன் இருக்கானா, என்றேன், வாய் தலையணைக்குள் அமுங்கி எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. அவரு இல்லையே, என்றாள்.

அவரு இல்லையே. தமிழில் இதை இரண்டு விதமாகவும் சொல்லலாம். அம்மா இல்லை என்று நான் எழுதிய கடிதங்கள் ஞாபகம் வந்தன. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெனிட்டாவின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது, அப்படியானால் அவளும் அப்படித்தான் புரிந்துகொண்டாள், எத்தனை நாளாயிற்று என்று கேட்கவேண்டும், எந்தக் கல்லறை என்று கேட்கவேண்டும், என் தலை தானாக மேலே எழும்பப் பார்த்தது, பெனிட்டா பின்னங்கழுத்தைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. மேகலா அது ஓயும்வரை காத்திருந்திருக்கிறாள். ரெக்கார்டிங்குக்குப் போயிருக்காரு, மூணு மணிக்கு வந்துருவாரு, நீங்க யாரு பேசறீங்க, என்றாள். நான் யார் என்று சொல்லத் தெரியவில்லை. பெனிட்டாதான் சொன்னாள், அத்தை, நான் பெனிட்டா, பாளையங்கோட்டைலேர்ந்து, அம்மாதான் பேசுனாங்க, அம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன். அந்தப் பக்கம் மேகலா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, வந்ததும் பேசச் சொல்றேம்மா, என்றாள். இருக்கிறான். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்கிறவனாக இருக்கிறான். அழுத்திப் படுத்திருந்த விலா எலும்புகளுக்குள் இப்போதுதான் முழு மூச்சு போனது. பேசுவானா என்பது அப்புறம். பேசாவிட்டாலும் இருக்கிறான்.

அப்படியும் மூன்று மணி வருவதற்கு எத்தனை நேரம் ஆயிற்று. பெனிட்டா சொட்டு மருந்து போட்டாள். ஸ்ட்ரா வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மூன்று ஆயிற்று. மூன்றேகால். பேசமாட்டான் என்று முடிவு பண்ணினேன், அவன் இடத்தில் நான் இருந்தாலும் பேசமாட்டேன், ஆனால் அவன் இடத்தில் நான் எப்போதுமே இருந்ததில்லையே, அவன் கேட்டதும் கொடுத்துவிடுகிறவன், பென்சிலைக் கேட்டால் பென்சில், பங்கைக் கேட்டால் பங்கு. மூன்றரைக்கு மணி அடித்தது. பெனிட்டா ஸ்பீக்கரைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், புத்திசாலி. மூக்கில் ஒரு இழுப்பு. எக்கா, என்றான். கண்ணுக்கு என்ன. அதைத்தான் முதலில் கேட்டான். ஒண்ணுமில்லடா, ஒட்டிருச்சுன்னு சொல்லுதாவ, குப்புறக் கெடக்கேன், என்றேன். ஒட்டிருச்சு என்று சொன்னபோதுதான் எனக்கே அது நம்பிக்கையாயிற்று. உன் குரலக் கேட்டேன், பேதுருகிட்டப் பேசுனியே. அவன் சிரித்தான். அதையா கேட்ட, அது பன்னெண்டு வருசத்துக்கு முன்ன பேசுனதுக்கா, அந்த ஸ்டுடியோவுல ஏசி கெடையாது, வேர்த்து ஊத்தும். எனக்கு வேர்வையைப் பற்றிப் பேசினால் இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம் என்று தோன்றியது. கண் குணமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வைத்த அதே குரல், அதே சௌகரியம். ரூபா, நான் அன்னைக்கு அடிக்கல, என்றேன். என்னது. அம்மா சாவுக்கு முந்துன நாளு. அம்மா உன்னக் கூப்பிடச் சொன்னா, அஞ்சாறு தடவ சொன்னா. நான் ஒரு தடவகூட அடிக்கல. மூணு தடவ அடிச்சேன்னு சொன்னது பொய். அவ உன் பேரையே சொல்லிக்கிட்டிருந்தா, எனக்குப் பொறுக்கல. சொல்லி முடித்துவிட்டுப் பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

தெரியும்க்கா, என்றான்.

தலையணையின் குழிக்குள் என் மூச்சு சூடாக முகத்தில் திரும்பி அடித்தது. தெரியுமா, எப்ப தெரியும், என்றேன். அன்னைக்கே தெரியும். உன் கால் வந்திருந்தா போன்ல காட்டுமேக்கா, எடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. பெறவு ஏம்ல அங்கயே சொல்லல, என்று கேட்டேன். அத்தன பேரு முன்னாலயா, என்றான், ஏழு மாசம் அம்மாவப் பாத்தவ நீ, ஒன்ன நான் பொய்க்காரின்னு சொல்லவா. மூக்கை ஒரு தடவை இழுத்தான். கோவந்தான், இல்லங்கல, இப்பவும் இருக்கு. ஆனா நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன், ஒரு வருசம் பாத்தேன், ரெண்டு வருசம் பாத்தேன், பெறவு எனக்கே கூப்பிடுதுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆஸ்பத்திரில கெடந்தப்ப மேகலாட்டச் சொல்லி வச்சிருந்தேன், ஒண்ணு ஆச்சுன்னா ஒனக்குத்தான் மொதல்ல அடிக்கணும்னு. இதைச் சொல்லும்போது அவன் குரல் எங்கோ போய்விட்டு வந்தது. அவன் எனக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்று சொல்லவில்லை, மறந்துவிடு என்று சொல்லவில்லை, அவன் சொல்லாததும் நல்லதாக இருந்தது. லைன் திறந்து கிடந்தது, இரண்டு பக்கமும் மூச்சு மட்டும். சனிக்கெழம காலைல ரயில்ல வாரேன், என்றான் கடைசியில். ஸ்டேசனுக்கு யாரும் வரவேண்டாம், வழி தெரியும். கல்லறைக்கும் போகணும். நானும் வாரேன்ல, அதுக்குள்ள என்ன நிமிர விட்ருவாவ, என்றேன். வைத்துவிட்டான்.

பெனிட்டா ஓடி வந்தாள். எம்மா, அழுதீங்களா, அழக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கல்லா, என்று கட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் ஒன்றும் இல்லை. அழலட்டி என்றேன், உண்மையாகவே அழவில்லை, அழுகை வரும் என்று நானும் எதிர்பார்த்தேன், வரவில்லை, அதற்குப் பதிலாக உடம்பு எல்லாக் கட்டும் அவிழ்ந்ததுபோல மெத்தையில் இறங்கிக்கொண்டிருந்தது, தோள், இடுப்பு, முழங்கால், ஒவ்வொன்றாக. வாசலில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து குழம்பு வாசனை வந்தது, ஆறு நாளாக வாசனை எதுவும் எனக்குத் தெரியவே இல்லை, தலை குனிந்தபடியே தின்றால் சோறு தொண்டையில் பக்கவாட்டில் போகிறது என்று சொல்லி இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை, மத்தியானச் சாப்பாடும் மூடித்தான் வைத்திருக்கிறாள். என்ன கொழம்புட்டி, என்றேன். சாளை, என்றாள். மீனு மிச்சம் இருக்கா. ஆறேழு கெடக்கும்மா. அப்பொ அதுல ஒரு நாலஞ்சப் பொரிச்சுக் கொண்டாட்டி, எனக்குப் பசிக்கி.